பின்தெரு டிசம்பர் பூ

மார்கழிக் காலை ரயிலில், அண்ணனூரில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரில் உட்கார்ந்தார்கள்.

"அவங்க செடிப் பூவ அவங்க தலையிலயே வெச்சு உட்டேன்க்கா," என்றாள் இளையவள்.

"இன்னாடி சொல்ற?"

"பின்தெரு டீச்சரம்மா ஊட்டு டிசம்பர் பூ. தெனம் கோலம் போட எழுந்துக்கறப்பவே, அவங்க முழிக்கறதுக்குள்ள மொட்டோட பறிச்சுகினு வந்துடுவேன். நேத்து எங்க ஊட்டுக்கு வந்த டீச்சரம்மா, 'உங்க செடிப் பூவா?'ன்னாங்க. எங்க ஊட்ல ஏது செடி? ஆமான்னுட்டு ஒரு முழம் குடுத்தேன்."

"அப்புறம்?"

"அவங்க செடி இந்த வருஷம் பூக்கவே இல்லியாம். நேத்து காலைலதான் வேரோட புடுங்கிப் போட்டாங்களாம்."

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நட்டு வெக்க என் செடிலேர்ந்து ஒரு குச்சி கேட்டாங்கக்கா. நாளைக்கு வர்றாங்க."