குப்புசாமி அண்ணன் சொல்ல விரும்பிய சாட்சி

மேடையில் வீற்றிருக்கும் சபைத் தலைவர் லாய்ட் ஐயா அவர்களே, ஊழியக் குழுச் செயலாளர் ஜேக்கப் அவர்களே, ஹனூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கும் கமலம்மாள் அவர்களே, அவருடைய மகள் காவேரியே, சபையின் பெரியோர்களே, தாய்மார்களே! ஓய்வுபெற்ற நர்ஸ் செலின் பேசுகிறேன். ஊசி போட்டுப் பழகிய கை. வாயும் அப்படித்தான் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

பின்னால் பேனரில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? 'வெற்றியுள்ள சாட்சி சகோதரர் குப்புசாமி.' ஆகா! செத்த பிறகு எத்தனை அழகான பட்டம்!

எட்டு வருடங்களுக்கு முன் ஹனூர்ப் பக்கம் நாம் ஊழியப் பயணம் போனோம். குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டிருந்த குப்புசாமி அண்ணன், வாசலிலேயே நம்மை வைதார். அவர் மனைவி கமலம்மாளின் நெற்றியில் கட்டு. உள்ளே போய் முழங்காலிட்டு ஜெபித்தோம். வெகுநேரம் கழித்து அந்த மனிதர் தரையில் விழுந்து அழுதார். அழுது முடித்ததும் மனைவியைப் பார்த்து, "கமலா, நீ சோறு தின்னியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து கேட்காத கேள்வி! அந்த அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் கர்த்தர் அந்த வீட்டுக்குள் வந்தார். என் கண்ணால் கண்டேன். அதன்பின் வருடக்கணக்கில் அவர் குடிக்கவில்லை. இதை மறுப்பவன் எவனாக இருந்தாலும் என்னிடம் வரட்டும்.

கர்த்தர் ஒருநாள் செய்தார். அதை வைத்து நாம் என்ன செய்தோம்?

வருடா வருடம் இங்கே மைசூருக்கு அவரை அழைத்தோம். மைக்கைக் கொடுத்தோம். மனைவியை எப்படி அடித்தாய், எதை எடுத்து அடித்தாய், சொல் என்றோம். "இன்னும் கொஞ்சம் டீடெயிலா சொல்லுங்க பிரதர், ஜனங்க அழணும்." யார் சொன்னது? ஜேக்கப் அவர்களே, தலையைக் குனியாதீர்கள், மாலை சரிந்துவிடும். "அம்மா, அந்தத் தழும்பைக் கொஞ்சம் காட்டுங்க." இது யார் சொன்னது? தலைவர் ஐயா, தண்ணீர் வேண்டுமா?

அந்த அம்மா முக்காட்டை விலக்கிக் காட்டினார். நீங்கள் அல்லேலூயா சொன்னீர்கள். பிறகு பிரியாணிக்கு வரிசையில் நின்றீர்கள்.

குப்புசாமி அண்ணன் கெஞ்சாமல் இல்லை. "பழசை உடுங்க சார். இந்த வருசம் ராகி போட்டிருக்கேனுங்க. புள்ள நல்லாப் படிக்குதுங்க. நானும் ஊட்டுக்காரியும் ஒண்ணா உக்காந்து திங்கிறோம். அதைச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். ராகியைக் கேட்க எவன் வருவான் என்றீர்கள். சாட்சியை மறைத்தால் கிருபை எடுபட்டுப்போகும் என்று வேறு பயமுறுத்தினீர்கள். பாவம், அந்த மனிதர் நம்பினார்! குடி திரும்பிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு வருடமும் மேடையேறினார். மேடையில் நீங்கள் எடுத்த வீடியோ ஹனூர் வரைக்கும் போனது. காவேரியின் வகுப்புப் பிள்ளைகள் அதை அவள் முகத்துக்கு நேரே ஓட்டிக் காட்டினார்கள். "ஏனுங்கப்பா, இன்னும் எத்தனை தடவை அம்மாவை அடிப்பீங்க?" என்று அவள் கேட்டாளாம். கமலம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன மாதக் கூட்டத்தில் என்ன நடந்தது? அவர் குடித்துவிட்டு வந்தார். ஆமாம், குடித்துவிட்டுத்தான் வந்தார்! மகள் அப்படிக் கேட்ட பிறகு, அந்தப் பழைய கதையைச் சொல்ல அவருக்குத் தெளிந்த புத்தியில் வாய் வரவில்லை. ஜெபம் விடுவித்த மனிதருக்கு, அந்த விடுதலையைப் பற்றிப் பேசச் சாராயம் தேவைப்பட்டது. நாம் என்ன செய்தோம்? வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டோம். பழைய பாவத்துக்கே திரும்பிய பின்மாற்றக்காரன் என்று பெயர் வைத்து வாசலுக்கு வெளியே தள்ளினோம். கூடப் போக ஓர் ஆள் இல்லை. கொள்ளேகாலில் பஸ் மாறும்போது லாரியில் அடிபட்டார். லாரிக்காரன் ஒரு தடவைதான் மோதினான்.

இரங்கல் கூட்டத்தின் முடிவில் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்வது வழக்கம். நம் செயலாளர் அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறார். எனக்கு அடுத்து காவேரி பேச வேண்டுமாம். தகப்பன் விட்ட இடத்திலிருந்து மகள் சாட்சியைத் தொடர வேண்டுமாம். வாசலில் வைத்து என்னிடம் சொன்னார், சிரித்துக்கொண்டே சொன்னார்!

காவேரி, உட்காரும்மா. யாரும் உன்னைக் கூப்பிட மாட்டார்கள். இந்த மைக் என் கையில் இருக்கிறவரைக்கும் கூப்பிட முடியாது.

ஆனால் பணி நின்றுவிடக் கூடாது அல்லவா? தொடர்வோம், சபையோரே, உறுதியாகத் தொடர்வோம்! தலைவர் ஐயாவின் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். ஜேக்கப் அவர்களின் மனைவி இதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறார். வீட்டில் என்ன செய்தோம், யாரை அழவைத்தோம், அவரவர் குடும்பத்துக்கு முன்னால் அவரவர் சொல்லட்டும். கொஞ்சம் டீடெயிலாகவே சொல்லட்டும்.

இதோ மைக். முதலில் யார் வருகிறீர்கள்?