நாற்பத்தொரு ஆணியும் ஒரு டர்போ காரும்

வண்டியில் ஏறினால் முதல் வேலையாக சீட் பெல்ட் போடுகிறவன் நான். அதற்கு முன்னால் டிவிஎஸ் ஐம்பது ஓட்டிய காலத்தில் பால் பூத்துக்குப் போனாலும் தலையில் ஹெல்மெட் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் என்னை முரட்டு ஆசாமி என்று நினைத்துவிடக் கூடாது.

பெயர் சடையப்பன். வயது அறுபத்திரண்டு. இருப்பிடம் நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து. இருப்பிடம் என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது, காரணம் போகப் போகத் தெரியும். சப்-இன்ஸ்பெக்டர் செந்தாமரை அம்மா நாலு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "ஒண்ணையும் ஒளிக்காம மொதல்லேர்ந்து எழுதுங்க பெரியவரே" என்றார். ஒளிக்க என்னிடம் எதுவும் கிடையாது. கொஞ்சம் ஊதிச் சொல்கிற பழக்கம் மட்டும் உண்டு. அதைத் தாங்கள் கழித்துக்கொள்ளவும்.

சுரங்கத்தில் முப்பத்து நாலு வருஷம் பக்கெட் வீல் மெஷின் ஓட்டினேன். ராட்டினம் போல ஒரு சக்கரம், அதன் விளிம்பு முழுக்க வாளிகள். அது சுற்றினால் மலை கரையும். ஆனால் மெஷின் இடம் விட்டு இடம் நகர வேண்டுமென்றால் நூறு மீட்டருக்கு ஒரு டீ, ஒரு டிபன், ஒரு குட்டித் தூக்கம் ஆகும். ஒருமுறை ஆமை ஒன்று எங்களை ஓவர்டேக் பண்ணிப் போனது. போனதோடு விடாமல் நின்று திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

சுரங்கத்தில் கற்றது ஒரே பாடம். கரி அடியில் இருக்கிறது, அதற்கு மேலே இருப்பதெல்லாம் மேல்மண். மேல்மண் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. அதில் முந்திரி காய்க்கும், பலா பழுக்கும். ஆனாலும் அது நமக்கும் கரிக்கும் நடுவில் இருக்கிறது. எடுத்து வேறு இடத்தில் பரப்பிவிட வேண்டும். கோபப்படாமல், முறைப்படி. நான் பிறந்த ஊரே அப்படி எடுக்கப்பட்டதுதான். நோட்டீஸ் வந்தது, மாற்று இடம் வந்தது, எனக்கு வேலை வந்தது. முறை என்றால் அது முறை.

இனி என் மனைவி கமலா. அவள் டவுன்ஷிப்பில் இருபத்தாறு வருஷம் ரவிக்கை தைத்தாள். அவளுக்கு ஆசை என்று பார்த்தால் ஒன்றுதான்: சொந்தச் சுவரில் ஆணி அடிக்க வேண்டும். இதில் என் பங்கும் உண்டு. கல்யாணமான புதிதில், நாங்கள் இருந்த கம்பெனி குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அடிக்க அனுமதி வாங்க வேண்டும் என்று அவளிடம் விளையாட்டாகச் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். மனு எழுதிக் கொடுத்தாள். நானே ஆபீசுக்குக் கொண்டுபோவது போல் கொண்டுபோய், ஒரு வாரம் கழித்து நானே கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். முப்பத்து நாலு வருஷத்தில் மூன்று ஆணிக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன். காலண்டருக்கு ஒன்று, சாமி படத்துக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. எட்டு மனுக்களை நிராகரித்தேன். விளையாட்டுத்தான்.

நான் ரிட்டையர் ஆனதும் வடக்குத்தில் கட்டி வைத்திருந்த வீட்டுக்கு வந்தோம். பால் காய்ச்சிய அன்றே கமலா சுத்தியலை எடுத்தாள். நாற்பத்தொரு ஆணி. பாதியில் மாட்ட ஒன்றும் இல்லை. "எதுக்கு கமலா இத்தனை?" என்றேன். "சும்மா இருக்கட்டும்ங்க. நம்ம சுவருதானே" என்றாள்.

அந்த வீட்டுக்கு ஒரு குறை. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெரு அம்பு போல வந்து நேராக எங்கள் வாசலில் முட்டி நிற்கும். தெருக்குத்து என்று சொல்வார்கள், வீட்டுக்கு ஆகாது. கமலா பயந்துபோய் முன்சுவரில் மாடம் வைத்து ஒரு சின்னப் பிள்ளையாரை உட்கார வைத்தாள்.

2015 கடைசியில்தான் காரை வாங்கினேன். புதுச்சேரியில் ஒரு டாக்டர் வீட்டுப் பிள்ளை ஆசைக்கு வைத்திருந்து அலுத்துப்போன சிவப்பு ஜப்பான் கார். இரண்டே கதவு, டர்போ எஞ்சின். டர்போ என்றால் என்னவென்று தங்களுக்குச் சொல்ல வேண்டும். எஞ்சின் வேலை முடித்து வெளியே விடுகிற புகையையே பிடித்து, ஒரு விசிறியைச் சுற்ற வைத்து, அதனாலேயே எஞ்சினுக்கு இன்னும் காற்றை ஊட்டுவது. அதாவது ரிட்டையர் ஆனவனை மறுநாளே கான்ட்ராக்டில் எடுப்பது. கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கு ஒரு குணம் உண்டு. ஆக்சிலேட்டரை அமுக்கினால் உடனே ஒன்றும் நடக்காது. வண்டி சும்மா யோசித்துக்கொண்டிருக்கும். நாம் மறந்துபோன சமயத்தில் மொத்தமாக வந்து அறையும். மேல்பட்டாம்பாக்கம் தாண்டி அமுக்கினேன். பண்ருட்டிக்குக் கொஞ்சம் முன்னால்தான் அது மனசு வைத்தது. அப்போது சாலையோரப் புளியமரங்கள் கிளையை உள்ளே இழுத்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

இருந்தும் இன்னும் வேகம் வேண்டும் என்று பட்டது. ஆமை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. பண்ருட்டி கலியன் டிராக்டர் மெக்கானிக், கைராசிக்காரன். அவனைப் பிடித்தேன். பெரிய டர்போவாக மாற்றினோம். அப்புறம் எடை. ஏசி மேல்மண், எடுத்தோம். கார்ப்பெட் மேல்மண், ஸ்டெப்னி மேல்மண், பின்சீட்டு மேல்மண். பானெட்டைக் கழற்றிவிட்டு ஃபைபரில் போட்டோம். கதவையும் ஃபைபர் ஆக்கினோம். பிறகு நான் முன்னால் இருந்த இடது சீட்டைப் பார்த்தேன்.

"அண்ணே, அண்ணி எங்க ஒக்காருவாங்க?" என்றான் கலியன்.

"அவளுக்குக் கார் பிடிக்காதுப்பா."

"சொன்னாங்களா?"

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்" என்றேன். ஸ்பேனரை எடுத்தான்.

காற்று அடியில் புகக் கூடாது என்று வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினோம். அங்கேதான் சிக்கல். டவுன்ஷிப் ரோடுகள் நல்ல அகலம், நல்ல நேர், ஆனால் முழத்துக்கு ஒரு வேகத்தடை. முதல் தடையில் வண்டி வயிறு உட்கார்ந்து, நாலு சக்கரமும் அந்தரத்தில் சுற்றியது. வாக்கிங் போய்க்கொண்டிருந்த என் பழைய ஷிப்ட் கூட்டாளி ஜெயராமன் நின்று நிதானமாகப் பார்த்தான்.

"ஏம்பா சடை, காரா இது, துருவுமணையா? மேல ஒக்காந்து தேங்கா துருவலாம் போலருக்குது."

எட்டுப் பேர் தூக்கி இறக்கினார்கள். அதற்குள் ஒரு கீரைக்காரம்மா என் பானெட்டின் மேல் கூடையை வைத்து வியாபாரமே முடித்துவிட்டார். எனக்குத் தேவை தடையில்லாத ஒரு நேர்ப்பாதை என்று அன்று புரிந்தது.

தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் மாலை மொட்டை மாடியில் நின்றேன். முன்னால் எங்கள் தெரு நேராக வருகிறது. பின்னால் முந்திரித்தோப்பு நடுவே வண்டிப்பாதை ஒன்று நேராக ஏரிக்கரை வரை போகிறது. இரண்டும் ஒரே கோடு. நூல் பிடித்தாலும் பிசகாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றே ஒன்று இருந்தது. அதன் மேல்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தச் சமயம் எங்கள் பெண் தமிழ்நிலாவுக்கு ஓசூரில் இரண்டாவது பிரசவம். கமலா அங்கே போயிருந்தாள். நான் முறைப்படி நோட்டீஸ் எழுதி எங்கள் வாசல் கதவில் ஒட்டினேன். ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் நேரில் தெரிவிக்கலாம். ஒருவரும் தெரிவிக்கவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டமும் நடத்தினேன். ஹாலில் பெஞ்சு போட்டு, டீ, போண்டா. கலந்துகொண்டவர்கள் நான், கலியன், தெரு நாய் ஒன்று. நாய் போண்டா முடிந்ததும் வெளிநடப்புச் செய்தது. காரணம் எதையும் பதிவு செய்யவில்லை.

கமலா தினமும் போன் பண்ணினாள். "வூடு எப்படிங்க இருக்குது? கூட்டிப் பெருக்குறீங்களா?" என்று கேட்பாள். "சுத்தமாக்கிக்கினே இருக்கேன் கமலா" என்பேன். நான் பொய் சொல்வதில்லை.

முப்பத்தோராம் நாள் ஜேசிபி வந்தது. ஓட்டி வந்த இளவழகன் நல்ல மனுஷன், வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்தார்.

"அய்யா, அம்மாவுக்குத் தெரியுங்களா?"

"நோட்டீஸ் ஒட்டியிருக்கு."

"படிச்சாங்களாங்க?"

"ஒட்டியிருக்கு."

ஒரு மணி நேரம் நாற்பது நிமிஷம் ஆனது. முப்பத்து நாலு வருஷம் மலையைக் கரைத்த எனக்கு அது கண்ணுக்கே தெரியாத வேலை. பிள்ளையாரை மட்டும் முன்கூட்டியே துண்டில் சுற்றி எடுத்துப்போய், ஏரிக்கரையில் என் ஓட்டம் முடிகிற எல்லைக்கோட்டில் உட்கார வைத்தேன். ஆணிகளையும் நானே ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வளைந்ததை நிமிர்த்தி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன். நாற்பத்தொன்றும் இருந்தன. வீட்டுச் சாமான்களைத் தோப்பில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினேன். இரக்கமில்லாதவன் இதைச் செய்வானா என்று தாங்களே யோசிக்கவும்.

இடிந்த செங்கல்லையும் வீணாக்கவில்லை. வண்டிப்பாதை மேடுபள்ளமாக இருந்தது. எல்லாவற்றையும் அதில் பரப்பி ரோலர் விட்டேன். ஹால் தோப்பு வரைக்கும் வந்தது. சமையலறை பாதி தூரம். பூஜை அறை மட்டும் கொஞ்சம் பற்றாக்குறை, ஏரிக்கரைக்கு முன்னால் தீர்ந்துவிட்டது. கமலாவின் வீட்டை நான் அழித்துவிட்டேன் என்று ஊரில் பேசுகிறார்கள். வீடு அப்படியேதான் இருக்கிறது. முன்பு நின்றுகொண்டிருந்தது, இப்போது படுத்திருக்கிறது. அதோடு தெருக்குத்து என்கிற தோஷமும் அடியோடு போயிற்று. அவள் எத்தனை நாள் அதற்காகப் பயந்தாள்.

வீட்டுப் பத்திரம் கமலா பெயரில் இருப்பதாக செந்தாமரை அம்மா சொன்னார்கள். உண்மைதான். அவள் தையல் காசில் கட்டியது என்பதும் உண்மைதான். என் ஓய்வுப் பணம் காருக்குப் போனது. எனவே என் பொருள் அவளுக்கு இடைஞ்சலாக இல்லை, அவள் பொருள்தான் எனக்கு இடைஞ்சலாக இருந்தது. இதையும் ஒளிக்கவில்லை.

குழந்தைக்குப் பேர் வைத்து முடித்து கமலா திரும்பி வந்த நாளில்தான் முதல் ஓட்டம் வைத்திருந்தேன். அவள் கையால் கொடி அசைக்கச் சொல்லலாம் என்று ஒரு பச்சை ரவிக்கைத் துணிகூட எடுத்து வைத்திருந்தேன். சீட் பெல்ட் போட்டு, எஞ்சினை உறும விட்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டோ வந்தது. ஓட்டுநர் அன்புச்செல்வன் வண்டியை நிறுத்தித் தலையைச் சொறிந்தது தெரிந்தது.

"அம்மா, தெரு போய் முட்டற வூடுன்னு சொன்னீங்க. இது எங்கயும் முட்டலியே. போய்க்கினே இருக்குது."

கமலா இறங்கினாள். மருந்துப் பையும் ஒரு சூட்கேசும். என்னிடம் நடந்து வந்தாள். நான் எஞ்சினை அணைத்தேன், மரியாதைக்கு.

"நிலா அப்பா, வூடு எங்க?"

அரை மணி நேரம் விளக்கினேன். மேல்மண், காற்றுத்தடை, நேர்கோடு, தெருக்குத்து. தரையில் குச்சியால் வரைந்தும் காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாம எப்படி?"

"நோட்டீஸ் ஒட்டினேனே."

"எங்க?"

"கதவுல."

"கதவு எங்க?"

கையை நீட்டிக் காட்டினேன். கதவு சமையலறையை அடுத்துப் பாதையில் கிடந்தது.

அவள் சூட்கேஸைப் படுக்க வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள். அழவில்லை, கத்தவில்லை. விஷயம் சுமுகமாக முடிந்தது என்றே நினைத்தேன். பச்சைத் துணியை எடுத்துக் கொடுக்கப் போனேன். அப்போது அவள் கேட்டாள்:

"ஆணி?"

நான் நல்லெண்ணத்தோடு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்தேன். அவள் பாதையில் பதிந்திருந்த அவள் செங்கல் ஒன்றை நெம்பி எடுத்தாள்.

முதல் நாலு ஆணி நாலு டயருக்கும். அடுத்ததெல்லாம் பானெட்டிலும் கதவிலும். எடை குறைக்க ஃபைபர் போட்டிருந்தோம் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஆணி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. ஒன்றுகூட வளையவில்லை. முப்பத்து நாலு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்த ஒன்று மொத்தமாக வந்து அறைந்தது போல இருந்தது. அன்புச்செல்வன் கூலியும் வாங்காமல் நின்று பார்த்தார்.

அடித்து முடித்துவிட்டு, காலண்டரை டிரைவர் பக்கக் கதவில் மாட்டினாள். பானெட்டில் பேத்தி போட்டோ. கார் கூரையிலிருந்து முந்திரிமரத்துக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டினாள். அடுப்பு மூட்டி டீ போட்டு, ஆட்டோக்காரருக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. இன்றைக்கு ஒன்பதாவது நாள். என் டர்போ கார் இப்போது ஒரு சுவர். தெரு நேராக வந்து அதில் முட்டி நிற்கிறது. ஏரிக்கரைப் பிள்ளையாரையும் நேற்று எடுத்து வந்து டேஷ்போர்டில் உட்கார வைத்துவிட்டாள்.

செந்தாமரை அம்மா, நான் ஸ்டேஷனுக்கு வந்ததே கமலா மேல் புகார் கொடுக்கத்தான். தாங்கள்தான், "மொதல்ல உங்க பக்கத்த எழுதுங்க" என்று தாளைக் கொடுத்து, ஏட்டையாவை வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னீர்கள். எழுதியதை இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். குற்றம் எங்கே நடந்தது என்று இப்போது எனக்கே துலக்கமாகத் தெரிகிறது.

வீட்டை எடுத்தது நான். சொல்லாமல் எடுத்தது நான். ஆனால் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்து எடுத்தேன். மூன்று ஆணிக்குப் பதினொரு மனு எழுதிக் கொடுத்த பெண், நாற்பத்தொரு ஆணி அடிப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை அனுமதி கேட்கவில்லை.