பின்வரிசைக்கு ஒரு மரண அறிவித்தல்

— எழுது ரேஷ்மா: "ஒபர்வில்லியேயைப் பிறப்பிடமாகவும், புள்ளிப்பட்டியலின் அடியை வசிப்பிடமாகவும் கொண்ட எத்துவால் உதைபந்தாட்டக் கழகத்தின் முன்வரிசை, சனிக்கிழமை பின்னேரம் இறைவனடி சேர்ந்தது."

— செம! அப்புறம்க்கா?

— "அன்னார், காலஞ்சென்ற பின்வரிசையின் அன்புச் சகோதரரும், பயிற்சியாளரின் பாசமிகு தலையிடியும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், டிக்கெட் வாங்கினோர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

— தலையிடின்னா தலைவலிதானே? ஐயோ, சிரிச்சு சிரிச்சு டைப் பண்ண முடியலக்கா. போட்டோவுக்கு மாலை போட்டு, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு வச்சிருக்கேன். பாருங்க.

— விளக்கை எடுத்துப்போட்டு மெழுகுதிரி வை. எங்கடை முன்வரிசை வேதக்காரர்.

— போன வாரம் டிஃபென்ஸ் செத்துச்சு, இந்த வாரம் அட்டாக். டீம்ல இன்னும் உயிரோட யாருதான்க்கா இருக்காங்க?

— தண்ணிப் போத்தல் மட்டும். பதினொரு மட்ச் வரிசையாத் தோக்கிற கிளப்பிலை வேறை ஆர் இருப்பினம்?

— அண்ணாவுக்கு இன்னும் தெரியாதா, இன்டர்நெட்ல இந்தப் பேஜ் நம்மளோடதுன்னு?

— மாதாவே, தெரியப்படாது! ஒன்பது வருசமா அவர் அந்தக் கிளப்பிலைதான் உடுப்புத் தோய்க்கிறார். அவங்கள் தோத்தா என்ரை புருசன் ரெண்டு நாளைக்கு என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கிறேல்லை. அந்தக் கோவத்திலைதான் நான் எழுதத் தொடங்கினதே. இஞ்சை பார், கதவடியிலை அவர்! ஃபோனை மூடு, கெதியா!

— வாங்கண்ணா, வாங்க!

— ஓம் பிள்ளை. என்ன துஷி, கடையிலை ஒருத்தரையும் காணேல்லை?

— செவ்வாய்க்கிழமையிலை ஆரப்பா புருவம் எடுக்க வருவினம்? நீங்கள் ஏன் மூண்டு மணிக்கே வந்திட்டியள்? சுகமில்லையோ?

— பொறும், பொறும். இருந்து சொல்லுறன். இண்டைக்குக் காலமை கிளப் தலைவர் என்னைக் கூப்பிட்டவர்.

— தலைவரோ? உங்களையோ? ஏன்?

— சனிக்கிழமை இஞ்சை லா சப்பல் தமிழ்ச் சனம் முப்பது பேர் மலர்வளையத்தோடை வந்து கோல் கம்பத்துக்குப் பின்னாலை நிண்டதெல்லோ. என்ன இது எண்டு தேடிப் பாத்து, இன்டர்நெட்டிலை கிடந்த அந்த மரண அறிவித்தலைக் கடதாசியிலை அடிச்சு வைச்சிருக்கிறார். ஃபோன் மொழிபெயர்ப்பிலை போட்டுப் பாத்தவராம். "பின்வரிசை கடவுளின் காலில் ஒட்டிக்கொண்டது" எண்டு வந்ததாம், மிச்சம் ஒண்டும் விளங்கேல்லையாம்.

— ஹா! சாரிண்ணா. இருமல்.

— "அம்புறோஸ், இது உன்ரை பாஷைதானே, எல்லாருக்கும் பிரெஞ்சிலை சொல்லு" எண்டார்.

— எல்லாருக்கும் எண்டா?

— உடுப்பு மாத்திற அறையிலை. இருபத்திமூண்டு பெடியளும், பயிற்சியாளரும். நான் நடுவிலை, கையிலை கடதாசியோடை.

— வேலை போச்சோ அப்பா? மறைக்காமல் சொல்லுங்கோ. போச்சோ?

— பொறும். முதல் வசனம் சொன்னன். பயிற்சியாளர் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார். ரெண்டாவது சொன்னன். மூலையிலை இருந்த கோல்கீப்பர் ஜெரமி "க்ளுக்" எண்டான். அஞ்சு கோல் வாங்கினவன்! பிறகு பக்கத்திலை இருந்தவன் துவாயாலை வாயைப் பொத்தினான். நாலாவது வசனத்திலை கப்டன் கெக்கட்டம் விட்டு, இருந்த வாங்கிலாலை கீழை விழுந்திட்டான்.

— விழுந்தாராண்ணா?

— பொத்தெண்டு. தலைவர் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைக்கிறார். துஷி, ரெண்டு மாசமா அந்த அறையிலை சப்பாத்துக் கழட்டிற சத்தம் மட்டும்தான் கேட்டது. இண்டைக்குப் பெடியள் சிரிச்சுக்கொண்டு பயிற்சிக்கு ஓடிப் போனாங்கள்.

— கேட்டியோ ரேஷ்மா! சிரிச்சவங்களாம்!

— கேட்டேன்க்கா, கேட்டேன்!

— நீங்கள் ரெண்டு பேரும் ஏன் கையைப் பிடிச்சுக்கொண்டு துள்ளுறியள்?

— ஒண்டுமில்லை. பிறகு தலைவர் என்ன சொன்னவர்?

— இதுக்குச் சொந்தக்காரர் ஆரெண்டு தேடிப் பிடி எண்டார். வழக்குப் போட இல்லை. ஒவ்வொரு மட்சுக்கு முதலும் அந்த அறைக்கு வந்து பெடியளைச் சிரிக்க வைக்கோணுமாம். கிளப்பின்ரை இன்டர்நெட் பக்கத்திலையும் போடுவினமாம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்து சந்திக்கச் சொல்லி றொந்தேவு.

— அப்பா, நான் ஒண்டு சொல்லுறன். கோவிக்கப்படாது.

— சொல்லும்.

— அந்த அறிவித்தலை எழுதினது நான். படம் செய்தது ரேஷ்மா.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— கப்டன் காலுறையை முடிச்சுப் போட்டுத்தான் தோய்க்கத் தாறவன் எண்டு நான் உமக்கு மட்டும்தான் சொன்னனான். அது அறிவித்தலிலை நாலாவது வரியிலை கிடக்குது. அந்த அறையிலை வைச்சுத்தான் கண்டனான்.

— மாதாவே! அதை யோசிக்காமல் எழுதிப்போட்டன். என்னாலை உங்கடை வேலைக்கு ஏதும் வந்திருந்தா...

— சரி, விடும். ஒண்டும் நடக்கேல்லை.

— அப்ப கேப்டன் விழுந்து சிரிச்சது அந்த சாக்ஸ் ஜோக்குக்காண்ணா?

— அதை வாசிச்சிருந்தா, உடுப்புத் தோய்க்கிறவன்தான் வெளியிலை கதைக்கிறான் எண்டு பிடிச்சிருப்பாங்கள் பிள்ளை.

— நல்ல காலம், அந்த வரியை விட்டிட்டியள். மிச்சமே அவங்களுக்குப் போதுமாப் போச்சு! ரேஷ்மா, வெள்ளிக்கிழமை நான் எந்தச் சீலை உடுக்க? அந்தக் கரும்பச்சையோ?

— பச்சைதான்க்கா, செமயா இருக்கும்! அங்க போயி என்ன வாசிப்பீங்க?

— இந்த முன்வரிசையைத்தான்! ஏனப்பா, நான் சந்தோசமாக் கதைக்கிறன், நீங்கள் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்?

— துஷி, நான் ஒரு வரியை மட்டும் விடேல்லை. பயத்திலை முழு அறிவித்தலையும் விட்டிட்டு, கடதாசியைப் பாத்துக்கொண்டு வாயிலை வந்ததைச் சொன்னனான். அவங்கள் விழுந்து சிரிச்சதெல்லாம் என்ரை பகிடிக்கு.