சொம்பில் இருந்த பட்டாளம்

ரசம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

போடிமெட்டுத் தோட்டத்துத் துரை சீமைக்குக் கப்பலேறும்போது, அவருடைய தாத்தா காலத்துப் பித்தளை அச்சுகளை என்னிடம் விற்றுவிட்டுப் போனார். காரீயத்தை உருக்கி ஊற்றினால் விரல் நீளச் சிப்பாய் வருவான். துரையின் சமையல்காரர்தான் எச்சரித்தார்: "காசிமாயா, இந்தக் கையோட சோத்தைத் தொட்டுராதப்பா. காரீயம் வயித்துக்குள்ள போனா ஆளை முடிச்சிரும்." ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

என் தங்கை சுப்புத்தாயின் புருஷன் வீரணன், குரங்கணியில் வெள்ளாமைக்காரன். நல்ல மனிதன்தான், சாப்பிடும்போது சத்தம் வரும், அவ்வளவே. நான் ஊரில் இல்லாத நாளில் என் வீட்டுக்கு வந்து, குதிரைமேல் இருந்த கேப்டனையும் பட்டாளத்தையும் உருக்கி, காட்டுப்பன்றி சுடத் துப்பாக்கி ரவை செய்துவிட்டான். "பன்னி செத்துச்சுல்ல மச்சான், பட்டாளத்துக்கு வேற என்ன சோலி?" என்று சிரித்தான். கறியில் எனக்கும் பங்கு வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

மறுபடி வார்த்தேன். வெறும் காரீயத்தில் கேப்டனுக்கு மூக்கே விழவில்லை. பூசணிக்காய்க்குத் தொப்பி வைத்தது போல இருந்தான். வெள்ளீயம் கலந்தால்தான் முகம் தெளியும். தங்கை ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயம், நாங்கள் போட்ட சீர். நெளிவெடுத்துத் தருவதாக வாங்கிவந்து உருக்கினேன். பதிலுக்குக் காரீயத்தில் அதே மாதிரி ஒரு சொம்பு வார்த்து, வெளியே மட்டும் பளபளவென்று வெள்ளீயம் பூசிக் கொடுத்தேன்.

"அண்ணே, கனக்குதே?" என்றாள்.

"நல்ல சாமான்னா கனக்கத்தான் செய்யும், ஆத்தா."

அன்று முதல் அங்கே போனால் மோர்தான் ஊற்றிக்கொள்வேன்.

மாப்பிள்ளைக்கு வயிறு முறுக்கியது, ஈறு கறுத்தது, கை மணிக்கட்டோடு தொங்கிப்போனது. வைத்தியர் வாயு என்றார். மிளகு ரசம் நிறையக் கொடுக்கச் சொன்னார். நான் குறுக்கே பேசவில்லை. வைத்தியம் நமக்குத் தெரியாத விஷயம்.

தை பிறக்குமுன் அவன் போனான். பிறகு சுப்புத்தாயின் கையும் தொங்கியது. அவளும் ரசம் குடிப்பாள் என்பது எனக்குத் தோன்றாமல் இல்லை. அவளைப் பார்த்து அழுதேன், சத்தியமாக. மண்சட்டியில் வை என்றால் ஏன் என்று கேட்பாள். சொம்பைத் திருப்பித் தரலாம் என்றால் வெள்ளீயத்துக்கு எங்கே போவது? மாசியில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

பட்டாளத்தை உருக்கியிருந்தால் பிழைத்திருப்பாள், தெரியும். மூக்கும் மீசையுமாக நிற்பவர்களை எப்படி ஐயா அடுப்பில் போடுவது? எனக்கு அவ்வளவு கல்நெஞ்சு கிடையாது.