ஏரியின் மேல் நட்ட கிளைகள்

மார்ச் மாதத்தில் எனக்கு எழுத்து ஓடாது. அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பேன். இப்போதும் நடந்தபடியே பேசுகிறேனே, உட்கார்ந்தால் கால் நிற்காமல் ஆடுகிறது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் லொரேன் ஹட்டாக். கொலைக்கதை எழுதுகிறவள். நியூ ஜெர்சியை விட்டு இந்த மெய்ன் மாநிலத்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இவ்வளவு கொடூரம் உங்களுக்கு எங்கே கிடைக்கிறது என்று வாசகர்கள் கேட்பார்கள். எங்கள் ஊர்க் குப்பைக் கிடங்கில்தான். சனிக்கிழமை காலை ஊரே குப்பை கொட்ட வரும்போது அங்கே போய் நின்றால், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எவன் அடுத்தவன் காட்டில் மான் சுட்டான் என்பதெல்லாம் தானாகக் காதில் விழும். விழாததை வென்டல் பிக்ஃபர்ட் வந்து சொல்லிவிடுவார்.

வென்டல் என் பக்கத்து வீட்டுக்காரர். வயது எழுபத்தொன்று. தினமும் காலையில் பூட்ஸ் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வருவார்.

"என்ன எழுத்தாளரம்மா, இன்னிக்கு யாரைக் கொன்னாச்சு?"

"இன்னும் ஆள் சிக்கலை வென்டல்."

"சிக்கினா ஒழுங்கா கொல்லுங்க. போன புத்தகத்துல பிப்ரவரி மாசம் மண்வெட்டியால குழி தோண்டிப் பொணத்தைப் புதைச்சீங்களே, அந்த மாசத்துல இங்க மண்ணு உறைஞ்சு இரும்பாட்டமால்ல கெடக்கும்? எங்க சனம் சிரியோ சிரின்னு சிரிச்சுது."

எங்க சனம் என்பார். அதில் நான் கிடையாது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருந்தாலும் எனக்கு வலிக்கும்.

ஏரி உறைந்ததும் அக்கரைக்குப் போகும் வழியைக் குறிப்பது அவர் வேலை. பனிக்கட்டியில் வரிசையாகத் துளை போட்டுத் ஊசியிலை மரக் கிளைகளை நடுவார். தண்ணீர் உறைந்து கிளையை இறுக்கிக்கொள்ளும். கிளைக்குப் பக்கமாகவே போனால் பயமில்லை. ஓடை வந்து கலக்கும் இடத்தில் மட்டும் நீரோட்டத்தால் பனி மெலிந்திருக்கும். வரிசை அதைச் சுற்றிக்கொண்டு போகும். இந்த வருடம் அவருக்குத் தோளில் ஆபரேஷன் ஆனதால் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

"நீங்களே நட்டுருங்க. நாந்தான் கரையில நின்னு சொல்றேன்ல."

அன்று வீட்டுக்குள் வந்து அழுதேன், சந்தோஷத்தில்.

பிறகு புதுக்கதையின் ஓர் அத்தியாயத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒருவன் கிளைகளைப் பிடுங்கி ஓடை வாய்ப்பக்கம் மாற்றி நடுகிறான், பகையாளி நேராகப் போய் விழுகிறான். வென்டல் காப்பி புரையேறச் சிரித்தார்.

"நடக்காதும்மா. ஏரியிலயே வளந்தவன் கெளையைப் பாத்தா போவான்? பனியோட நிறத்தைப் பாத்துல்ல போவான். உங்க நியூ ஜெர்சிப் பக்கத்து ஆளுங்க வேணா விழுவாங்க."

நான்கு நாள் என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. நடந்தேன். விறகை எடுத்து அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். அவர் சொன்னது சரியா தவறா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். நியாயமான கேள்வி.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு கிளைகளை அறுத்தெடுத்துப் புதுத் துளைகளில் நட்டேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. நான் ஒல்லியான ஆள், பனி என்னைத் தாங்கியது. ஒரு மோட்டார் பனிவண்டியும் அதன்மேல் கனத்த ஓர் ஆளும் என்றால் தாங்காது. யோசித்தாயா என்று கேட்கிறீர்கள். யோசிப்பதுதானே என் தொழில். மதியம் லேசாகப் பனி பெய்து பழைய தடங்களை மூடியது. நிறம் எதுவும் தெரியாமல் எங்கும் வெள்ளை.

தினமும் மூன்று மணிக்கு வென்டல் அக்கரையில் இருக்கும் தன் தங்கை ஏவிஸுக்குப் பனிவண்டியில் தபால் கொண்டுபோவார். அன்றும் போனார்.

வண்டி மூழ்கியது மூன்று பதினெட்டு. உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் போன் செய்தது மூன்று இருபத்தொன்பது. நடுவில் உள்ள பதினொரு நிமிடம் என்ன செய்தாய் என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எழுதினேன். பனி உடையும் சத்தம் நான் நினைத்திருந்தது போல இல்லை. அவர் கத்தவும் இல்லை. இதெல்லாம் உடனே எழுதி வைக்காவிட்டால் மறந்துவிடும்.

தெரியாமல் நடந்த விபத்து என்று என் வக்கீல் எழுதித் தந்திருக்கிறார். அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன், ஏனென்றால் வென்டலை அது முட்டாளாக்குகிறது. அவர் ஏமாறவில்லை. நான் மாற்றி நட்டதில் நான்காவது கிளையில் வண்டியை நிறுத்தி இறங்கினார். குனிந்து கையால் பனியைத் தள்ளிப் பார்த்தார். அப்புறம் திரும்பி என் ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கினார், இது வழிதானா என்று கேட்பது போல.

நான் கையை ஆட்டினேன். போங்கள், போங்கள் என்று.

இன்னொரு முறை பனியைப் பார்த்தார். பிறகு வண்டியில் ஏறிப் போனார். ஏரியிலேயே வளர்ந்த மனிதர், தன் கண்ணை விட்டுவிட்டு என் கையை நம்பினார். அவர் என்னை ஊர்க்காரியாக நினைத்தார் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும், சொல்லுங்கள்.