மாப்பிள்ளை இறங்கிய பிறகு

தென்காசியில் இருந்து ஐந்தருவிக்குப் போகிற பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்தில் இருந்த சின்னவளிடம் சத்தமாகச் சொன்னாள்: "நேத்து செண்டை மேளத்துக்கு நடுவுல எங்க குதிர கொட்டாவி விட்டுதுட்டி."

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவள் போலிருக்கிறது. அவள் மடியில் ஒரு புதுக் கடிவாளம் கிடந்தது. எல்லாம் வார்தான், வாய்க்குள் போகிற இரும்பு மட்டும் அதில் இல்லை.

"இரும்பு போடாமலா எக்கா ஊர்வலம் போனிய?"

"அது வாயெல்லாம் புண்ணு. மாட்டாஸ்பத்திரி டாக்டர் இனிமே இரும்பே வேண்டாம்னுட்டாரு. இது மூக்குமேலதான் கெடக்கும். லேசா இழுத்தாலே நிக்குது."

"வேட்டுச் சத்தத்துக்கு ஓடிருந்தா?"

"அந்தப் பயத்துலதான் முருகா முருகான்னு கூடவே நடந்தேன். முன்னல்லாம் மேளம் கேட்டா தலைய ஒதறிக்கிட்டே வரும். நேத்து மண்டபம் வரைக்கும் தூங்குத மாதிரி வந்துது."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"எறங்குன பொறவுதான் சொன்னேன். வேர்த்துப்போயி அங்கனயே நாற்காலில உக்காந்துட்டான்."

சின்னவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னுங் கேளு. வாசல்ல மாலையோட நின்ன பொண்ணு, 'அப்ப நானும் ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன்'னு பட்டுச்சேலையோட ஏறிட்டா. மேளக்காரங்க திரும்பவும் அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க."

"மாப்பிள்ளை?"

"அவன்தாம்ட்டி கயித்தப் பிடிச்சுக்கிட்டு முன்னால நடந்தான்."