போர்டுக்கு வைத்த பொட்டு

உள்ளங்கையில் பாதிகூட இல்லாத மைக்ரோகண்ட்ரோலர் போர்டு ஒன்றை வாங்கி, புரோகிராம் எழுதி, கூடத்து விளக்கைச் சிமிட்ட வைக்கப்போய், வீட்டு ஃபியூஸையே போக்கியவன் நான். ஆகவே, உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் முன்சீட்டு அம்மாள், "போர்டுக்குச் சந்தனம் வெச்சேங்க்கா, செத்துப்பூட்ச்சு" என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இன்னா போர்டுடி?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"எம் மருமவ செஞ்சதுக்கா. கெணத்துல தண்ணி கொறஞ்சா மோட்டார அதுவே நிறுத்திடும். எங்க வூட்டுக்காரரு ஆபரேசன் பண்ண கால வெச்சிக்கினு வரப்புல ஓடிக்கினு இருந்தாரே, அந்த பேஜாரே இப்ப இல்ல."

"அதுக்குச் சந்தனம் இன்னாத்துக்கு?"

"ஆயுத பூஜையாச்சே! மோட்டாருக்கு வெச்சேன். அவரு கால காப்பாத்தறது இதுதானே, இத வுட்டுட்டு வர மனசு வரல. ஈரச் சந்தனம்."

"மருமவ கத்தியிருப்பாளே?"

"எங்க கத்துனா, சிரிச்சா. வேற போர்டுல அதே புரோகிராம ஏத்தி, டப்பாவுல போட்டு மூடிட்டா. மூடி மேல பேனாவால வட்டம் போட்டு, 'அத்தை, பொட்ட இங்க வைங்க'ன்றாக்கா."

"குடுத்து வெச்சவ நீ. எம் மருமவளுக்கு ரீசார்ஜ் பண்ணத்தான் தெரியும்."

வீட்டுக்கு வந்ததும் இதை மனைவியிடம் நெகிழ்ந்து சொன்னேன்.

"அந்தப் பொண்ணு செஞ்சது மோட்டாரை நிறுத்துது. நீங்க செஞ்சது நம்ம ஃபிரிட்ஜைத்தான் நிறுத்திச்சு" என்றாள்.